உளவியல் படிக்கும் பிள்ளைக்குப் புள்ளியியல் எதற்கு?

இளையோர் உயர்கல்வி குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் உளவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



மனத்தைப் பற்றிப் படிக்க வரும் பிள்ளைக்குப் புள்ளியியல் எதற்கு? இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. எனக்கு இது புதிய கேள்வி அன்று. ஒவ்வோர் ஆண்டும் பதிவு நாளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். ஒரு தாயார் பாடப் பட்டியலை விரலால் சுட்டிக்காட்டி, "சார், என் மகள் மனுசங்களைப் பத்திப் படிக்கத்தானே வந்திருக்கா? எஸ்.பி.எம். கணக்கோட மல்லுக்கட்டி இப்பத்தான் தப்பிச்சா. இங்கேயும் கணக்கா?" என்றார். அருகில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. உளவியல் என்றால் மனம் உடைந்தவரிடம் பேசி ஆறுதல் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்குப் பரிவு வேண்டும், பொறுமை வேண்டும். கணக்கு எதற்கு? அன்று அவசரத்தில் நான் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன். சூத்திரத்தில் தொடங்காமல், உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் தொடங்குகிறேன்.

506 சிறுவர்களின் கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று இரண்டு நகரங்கள் அருகருகே இருக்கின்றன. 1930களில் அங்கே ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் சிறுவர்கள் தவறான வழிக்குப் போவது பெரிய கவலையாக இருந்தது. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் ஒரு திட்டம் தீட்டினார். ஒரு நல்ல பெரியவர் நண்பராகத் தொடர்ந்து துணை நின்றால் அந்தப் பிள்ளை தப்பிவிடுவான் என்பது அவருடைய நம்பிக்கை. நம்மில் யார்தான் அதை மறுப்போம்?

ஆனால் கேபட் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. வயது, குடும்பச் சூழ்நிலை, குணம் ஆகியவற்றில் ஒத்திருந்த சிறுவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு எதுவும் இல்லை. யாருக்கு உதவி என்பதை மனிதர் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள்.

1939இல் தொடங்கிய உதவி 1945 வரை நீடித்தது. ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இரண்டு முறை வீட்டுக்குச் சென்றார்கள். பாடத்தில் பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு, நோயுற்றவர்களுக்கு மருத்துவம், பலருக்குக் கோடை முகாம். குறை சொல்ல இடமில்லாத திட்டம்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் இரண்டு குழுவினரையும் தேடிக் கண்டுபிடித்தார். சிறுவர்களாக இருந்தவர்கள் நடுத்தர வயதை எட்டிவிட்டார்கள். உதவி பெற்றவர்களிடம் "அந்தத் திட்டம் உங்களுக்குப் பயன்பட்டதா?" என்று கேட்டபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பயன்பட்டது என்றார்கள். நல்ல வழியில் போக அதுதான் காரணம் என்று சிலர் நன்றியோடு சொன்னார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது வெற்றித் திட்டம். நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருக்கும். ஆனால் மெக்கார்ட் கையில் இன்னொரு பட்டியல் இருந்தது. உதவி பெறாத சிறுவர்களின் பட்டியல்.

இரண்டையும் ஒப்பிட்டார். குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கையில் உதவி பெற்ற குழு குறைந்திருக்கவில்லை. மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிப்பழக்கத்தின் அறிகுறி உள்ளவர்கள், கடும் மனநோய்க்கு ஆளானவர்கள், இளம் வயதில் இறந்தவர்கள் என்று பல அளவைகளில் உதவி பெற்ற குழுதான் மோசமாக இருந்தது. 1978இல் இந்த முடிவு வெளியானபோது நல்லெண்ணம் கொண்ட பலர் அதிர்ந்து போனார்கள்.

காரணம் என்ன என்பதில் பல விளக்கங்கள் உண்டு. பிறர் உதவியையே எதிர்பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது என்பது ஒன்று. கோடை முகாம்களில் குறும்புக்காரப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்ததில் ஒருவரிடமிருந்து ஒருவர் தீய பழக்கங்களைக் கற்றுக்கொண்டார்கள் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட இன்னொன்று. ஆனால் நான் சொல்ல வந்தது காரணத்தை அன்று. அந்த ஆலோசகர்களிடம் பரிவு இருந்தது, பொறுமை இருந்தது. தீங்கு நடந்திருக்கிறது என்பதை அந்தப் பரிவால் கண்டுகொள்ள முடியவில்லை. கண்டுகொண்டது நாணயத்தால் பிரித்த ஒப்பீடு. அந்த அம்மாவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.

முகாமும் மதிப்பெண்ணும்

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் சமுதாயத்தில் பள்ளி விடுமுறை வந்தால் தன்முனைப்பு முகாம்கள் நடக்கின்றன. நானும் பல ஆண்டுகள் நடத்தியவன்தான். மூன்று நாள் முகாம் முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுப்போம். "மிகவும் பயனாக இருந்தது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். நாங்கள் மனம் நிறைந்து வீடு திரும்புவோம். அந்த நாள்களில் ஒருமுறைகூட, முகாமுக்கு வராத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இடைநிலைப்பள்ளியில் அரையாண்டுச் சோதனையில் மிகக் குறைவாக வாங்கிய 40 மாணவர்களை முகாமுக்கு அனுப்புகிறோம். அவர்களின் சராசரி 35. முகாமுக்குப் பிறகு நடந்த சோதனையில் சராசரி 41. ஆறு மதிப்பெண் கூடியிருக்கிறது. முகாம் வெற்றியா?

அவசரப்படாதீர்கள். இந்த ஆறு மதிப்பெண்ணுக்கு வேறு விளக்கங்கள் இருக்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் ஆசிரியர் பாடம் நடத்தியிருக்கிறார். இரண்டாவது தாள் எளிதாக இருந்திருக்கலாம். முகாமில் பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். இவற்றைச் சொன்னால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். நான்காவது ஒன்று இருக்கிறது. அதுதான் பலருக்குப் பிடிபடாதது.

அதை விளக்க வகுப்பில் தாயக்கட்டை கொண்டு வருவேன். முப்பது மாணவர்களும் ஆளுக்கு இரண்டு கட்டைகளை உருட்டி, கூட்டுத் தொகையை எழுதிக்கொள்ள வேண்டும். மிகக் குறைவாகப் போட்ட பத்துப் பேரை முன்னால் அழைத்து, "இனிமேல் முயற்சி செய்து உருட்டுங்கள்" என்று ஐந்து நிமிடம் அறிவுரை சொல்வேன். பிறகு மறுபடி உருட்டச் சொல்வேன். எப்படியும் அந்தப் பத்துப் பேரின் சராசரி கூடிவிடும். என் அறிவுரைக்கா அந்தச் சக்தி? இல்லை. குறைவாகப் போட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அடுத்த முறை அவர்கள் நடுப்பகுதியான ஏழை நோக்கி ஏறத்தான் செய்வார்கள். இதற்குச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்று பெயர்.

மதிப்பெண்ணிலும் கொஞ்சம் தாயம் கலந்திருக்கிறது. அன்று காய்ச்சல், முதல் நாள் வீட்டில் சண்டை, படிக்காத பகுதியிலிருந்து கேள்வி. இப்படிச் சறுக்கியவர்கள் அந்தக் கடைசி 40 பேரில் அதிகம் இருப்பார்கள். அடுத்த சோதனையில் எதுவும் செய்யாமலே சற்று ஏறுவார்கள்.

2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் நடத்தியபோது இதை நேரில் கண்டார். "நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான். மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை திருந்துகிறான். ஆகவே திட்டுதான் பலன் தருகிறது" என்பது ஒரு பயிற்சியாளரின் வாதம். மிக நன்றாக ஓட்டியவன் அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்குவான், மிக மோசமாக ஓட்டியவன் ஏறுவான் என்பது அவருக்குத் தெரியவில்லை. பெற்றோர்களே, பிரம்பு எடுத்தால்தான் பிள்ளை படிக்கிறான் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருகணம் யோசித்துப் பாருங்கள்.

நாணயம் எதற்கு?

சரி, இந்தச் சிக்கலுக்கு வழி என்ன? அந்த 40 பேரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பதுதான். இருபது பேர் முகாமுக்குப் போவார்கள். அது சோதனைக் குழு. மற்ற இருபது பேர் கட்டுப்பாட்டுக் குழு. ஆசிரியர் நடத்தும் பாடம், எளிதான வினாத்தாள், சராசரியை நோக்கித் திரும்புதல் எல்லாம் இரண்டு குழுவுக்கும் பொது. இரண்டுக்கும் இடையே திட்டமிட்ட வேறுபாடு முகாம் ஒன்றுதான்.

"விருப்பமுள்ளவர்களை அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டால் போதாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. விருப்பத்தோடு கை தூக்குகிற பிள்ளை முகாம் இல்லாமலே படிக்கக்கூடிய பிள்ளை. நல்ல பிள்ளைகளை ஆசிரியர் தேர்ந்தெடுத்தாலும் அதே சிக்கல்தான். குலுக்கலுக்கு விருப்பு வெறுப்பு தெரியாது. நமக்குத் தெரிந்த வேறுபாடுகளை மட்டுமல்ல, தெரியாத வேறுபாடுகளையும் அது ஏறக்குறையச் சமமாகப் பரப்பிவிடும். எந்த நிபுணராலும் செய்ய முடியாத வேலை இது.

"பாதிப் பிள்ளைகளைக் கைவிடுவது பாவமில்லையா?" என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல உள்ளம் கேட்ட கேள்வி. அவருக்கு இரண்டு பதில் சொன்னேன். முதலாவது, கட்டுப்பாட்டுக் குழுவைக் கைவிட வேண்டியதில்லை. அளவெடுத்து முடிந்ததும் அடுத்த விடுமுறையில் அவர்களுக்கும் முகாம் நடத்தலாம். காத்திருப்போர் குழு என்று இதைச் சொல்கிறோம். பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இடம் இருப்பதும் இல்லை. அப்படியிருக்க, சிபாரிசைவிடக் குலுக்கல்தான் நியாயமானது. இரண்டாவது, பயன் தருமா தீங்கு தருமா என்று தெரியாத ஒன்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பாவம் இல்லையா? அந்த 506 சிறுவர்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு காவலும் வேண்டும். விடைத்தாள் திருத்துபவருக்கு யார் முகாமுக்குப் போனவர் என்று தெரியக்கூடாது. 1904இல் ஜெர்மனியின் பெர்லினில் கணக்குப் போடும் குதிரை ஒன்று புகழ்பெற்றிருந்தது. கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அறிஞர் குழு ஒன்று சோதித்தும் ஏமாற்று வேலை எதையும் காணவில்லை. ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஓர் எளிய மாற்றம் செய்தார். விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரை தடுமாறியது! கேட்பவரின் தலையிலும் முகத்திலும் ஏற்பட்ட சிறு அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அசைத்தவர்களுக்கே அது தெரியாது. குதிரைக்கே இப்படி என்றால், நம் எதிர்பார்ப்பைப் பிள்ளைகள் எவ்வளவு எளிதில் படித்துவிடுவார்கள்!

எட்டுக் கோப்பைத் தேநீர்

இதுவரை சொன்னது சோதனை வடிவமைப்பு. இனித்தான் புள்ளியியல் வருகிறது. முகாம் குழு கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிட்டது. அது தற்செயலாக வந்ததா இல்லையா என்று எப்படி அறிவது?

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் என்ற கணிதவியலாளர் 1920களில் வேலை செய்தார். அங்கே பணியாற்றிய ஓர் அம்மையார், தேநீரைச் சுவைத்தாலே கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா தேநீர் ஊற்றினார்களா என்று சொல்லிவிடுவேன் என்றாராம். 1935இல் வெளிவந்த தம் நூலில் ஃபிஷர் இதையே எடுத்துக்காட்டாக்கினார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை குலுக்கல்படி. எந்த நான்கில் பால் முதலில் என்று அவர் சொல்ல வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஒன்றுதான் முழுவதும் சரி. ஆகவே சுவையே தெரியாதவர் குருட்டாம்போக்கில் சொல்லி எல்லாம் சரியாக அமைவதற்கு வாய்ப்பு எழுபதில் ஒன்று, அதாவது 1.4 விழுக்காடு. உளவியல் கட்டுரைகளில் காணும் 'பி மதிப்பு' என்பது இதுதான். இதில் ஒரு சூத்திரமும் இல்லை, எண்ணிக்கை மட்டுமே.

நான்கில் மூன்றை மட்டும் சரியாகச் சொன்னால்? அப்படிச் சொல்ல 16 வழிகள். முழுவதும் சரியானதையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு என்பது 24 விழுக்காடு. நான்கில் ஒருமுறை குருட்டாம்போக்கிலேயே நடந்துவிடும். ஆகவே அதை வைத்து அவரை நம்ப முடியாது. கோப்பைகள் ஆறாக இருந்தால் மொத்தமே 20 வழிகள்தான். அப்போது எல்லாம் சரியாகச் சொன்னாலும் 5 விழுக்காடு. எத்தனை கோப்பை என்பதைத் தேநீர் ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று இப்போது புரிகிறதல்லவா?

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1.4 விழுக்காடு என்பது அந்த அம்மையாருக்குத் திறமை இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு அன்று. திறமை இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு விளைவு வருவதற்கான வாய்ப்பு. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று வைத்துக்கொண்டுதான் சாட்சியத்தைப் பார்க்கிறார்கள். அதுபோல வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கிறோம். 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே இதைத் தெளிவுபடுத்தி ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. கருதுகோள் உண்மையாக இருப்பதன் வாய்ப்பையோ, விளைவின் பெருமையையோ பி மதிப்பு அளப்பதில்லை என்று அது சொன்னது. அறிஞர்களே தடுக்கி விழும் இடம் என்பதால், முதலாமாண்டு மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரு மதிப்பெண் வித்தியாசம்

நம் முகாமுக்குத் திரும்புவோம். முகாம் குழு 6 மதிப்பெண் ஏறியது. காத்திருந்த குழுவும் 5 மதிப்பெண் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முகாமின் பங்கு ஆறு அன்று, ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் நம்பலாமா? சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளைக்குப் பிள்ளை அந்த ஏற்றம் எவ்வளவு வேறுபடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒருவன் 20 ஏறியிருப்பான், ஒருவன் 10 இறங்கியிருப்பான். இந்தச் சிதறலை அளப்பதுதான் திட்ட விலக்கம். அது 12 என்று கொள்வோம். குழுவுக்கு 20 பேர் என்றால், நம் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தைச் சுற்றி மேலும் கீழும் ஏறக்குறைய 8 மதிப்பெண் தடுமாற்றம் இருக்கும். அதாவது முகாம் 9 மதிப்பெண் கூட்டியிருக்கலாம், 7 மதிப்பெண் குறைத்தும் இருக்கலாம். நம் எண்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன.

கவனியுங்கள், முகாம் வீண் என்று நான் சொல்லவில்லை. இந்த அளவு ஆய்வால் சொல்ல முடியாது என்கிறேன். திட்ட விலக்கத்தில் பாதி அளவு, அதாவது 6 மதிப்பெண் வித்தியாசம் உண்மையிலேயே இருந்து, அதை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். இதைத் தொடங்குவதற்கு முன்பே கணக்கிடலாம். அப்படிக் கணக்கிட்டால், "எங்கள் ஒரு பள்ளி போதாது, நான்கு பள்ளிகள் சேர்ந்து செய்வோம்" என்று அப்போதே முடிவெடுக்கலாம். பிள்ளைகளின் நேரமும் நன்கொடையாளர்களின் பணமும் வீணாகாது.

உளவியல் தன்னையே சோதித்த கதை

இந்தக் கருவிகளை வைத்து ஏமாற்றவும் முடியும், தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் முடியும். 2011இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு விந்தையான முடிவை வரவழைத்துக் காட்டினார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஒரு பாட்டைக் கேட்ட மாணவர்கள் ஏறக்குறைய ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டார்கள் என்பது முடிவு! மனநிலையில் அன்று, பிறந்த தேதியின்படியான வயதில். பொய்யான எண் ஒன்றும் இல்லை. பலவற்றை அளந்து வாய்ப்பானதை மட்டும் எழுதினார்கள். முடிவு சாதகமாக வரும்வரை ஆள் சேர்த்து, வந்ததும் நிறுத்தினார்கள். அந்நாளில் பலரும் தெரியாமல் செய்துவந்ததுதான் அது. எவ்வளவு அபத்தமான முடிவையும் இப்படி நிரூபிக்கலாம் என்று உடைத்துக் காட்டினார்கள்.

2015இல் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கூடி, ஏற்கெனவே வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு தங்கள் விளைவு தற்செயலன்று என்று காட்டியிருந்தன. மறு ஆய்வில் 36 விழுக்காடுதான் அப்படி வந்தது.

இதைக் கேட்டு உளவியலே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். தன் குறையைத் தானே எண்ணிப் பார்த்து ஊரறியச் சொன்ன துறை அது. அதன் பிறகுதான், ஆய்வைத் தொடங்கும் முன்பே கருதுகோளையும், எத்தனை பேர் என்பதையும், எந்தக் கணக்கு என்பதையும் எழுதிப் பதிவு செய்யும் வழக்கம் பரவியது. இன்று என் மாணவர்கள் அதை முதலாமாண்டிலேயே கற்கிறார்கள்.

எப்படிப் படிப்பது?

மாணவ மணிகளே, இனி உங்களுக்குச் சில சொற்கள். இந்தப் பாடத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் தோற்பதில்லை. கேள்வி என்னவென்று தெரியாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால் தோற்கிறார்கள்.

முதலில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யாரிடம், எதை மாற்றி, எதை அளந்து, யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நாம் மாற்றுவது சாரா மாறி. அளப்பது சார்ந்த மாறி. இந்த இரண்டு பெயரும் அதற்குப் பிறகு மறக்காது.

அடுத்து, தகவல் திரட்டும் முன்பே வெற்று அட்டவணையை வரையுங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண் வரும் என்று சொல்ல முடியவில்லை என்றால் ஆய்வு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

பத்தே எண்களை எடுத்துச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு கணினியைத் தொடுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். கல்லூரியில் இருக்கும். வீட்டில் ஆர், ஜாஸ்ப் போன்றவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம். பொத்தானை அழுத்தினால் எந்தக் கணினியும் விடை தரும். கேள்வி தவறு என்று அது சொல்லாது.

வீட்டில் தேநீர்ச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். அடுப்பங்கரையில் ஊற்றுபவர் ஒருவர், கூடத்துக்குக் கொண்டு வருபவர் வேறொருவர், சுவைப்பவர் மூன்றாமவர். குலுக்கல், மறைப்பு, பி மதிப்பு எல்லாம் ஒரே மாலையில் புரிந்துவிடும்.

கடைசியாக, வந்த முடிவை அப்படியே எழுதுங்கள். என் மாணவி ஒருத்தி ஓராண்டு பாடுபட்டு, இசை கேட்டுக்கொண்டே படித்தால் நினைவு கூடுமா என்று ஆராய்ந்தாள். வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. "என் ஆய்வு தோத்துப் போச்சு சார்" என்று கண்கலங்க வந்து நின்றாள். "தோற்றது உன் எதிர்பார்ப்பு. ஆய்வு தோற்கவில்லை" என்றேன். குலுக்கல் சரி, அளவை சரி, முன்கூட்டியே எழுதிவைத்த திட்டத்திலிருந்து அவள் விலகவில்லை. அந்த வகுப்பில் அதிக மதிப்பெண் அவளுக்குத்தான்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இந்தப் பாடத்தில் பங்கு உண்டு. நினைவாற்றலைக் கூட்டும் வகுப்பு, மூளையைத் தூண்டும் பயிற்சி என்று விளம்பரங்கள் வரும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். யாரோடு ஒப்பிட்டீர்கள்? யார் எந்தக் குழு என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் மறுபடி யோசியுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் முகாம் நடத்தும் என் போன்றவர்களிடமும் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

பதிவு நாளில் தலை குனிந்து நின்ற அந்த மகள் இப்போது மூன்றாமாண்டு படிக்கிறாள். ஒரு விடுமுறை வகுப்பைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொல்லி, மாணவர் பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதி, ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டு வந்து நின்றாள். "யார் முதல்ல போறதுன்னு நான் முடிவு பண்ணக் கூடாதுல்ல சார்?" என்றாள். அம்மா, உங்கள் மகள் மனிதர்களைப் பற்றித்தான் படிக்கிறாள்.